எஞ்சினுக்கு நாடி பார்த்தல்

தமிழ்ச் சிறப்பு வகுப்பில் பயிலும் மாணவன் ஒருவன் மோட்டார் எஞ்சினைப் பற்றி எழுதப் புகுவது நண்பர் சிலர்க்கு நகைப்பை விளைக்கலாம். "இயற்பியல் மாணவர் எழுத வேண்டியதை இவன் ஏன் எழுதுகின்றான்? இவனுக்கு நன்னூலும் தொல்காப்பியமும் போதாவோ?" என்று வினவுவாரும் உளர். அவர்கட்கு என் விடை இதுவே. ஒரு பொருளில் குற்றம் தோன்றியவழி அதன் காரணத்தை முறையாக ஆராய்ந்து காணும் திறன் எந்தத் துறைக்கும் பொதுவானது. அத்திறனை யான் ஏட்டிற் கற்றதற்கு மேலாக, சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில், எங்கள் வீட்டு முற்றத்தில் நின்ற பழைய கார் ஒன்றின் அருகே கற்றேன். கற்பித்தவர் என் தாய்மாமன். அவர் செய்தவற்றை வரிசை பிறழாமல் எழுதிவைப்பின், பழைய வண்டி வைத்திருக்கும் குடும்பத்தார் சிலர்க்கேனும் பயன்படும் என்னும் எண்ணமே இக்கட்டுரைக்குக் காரணமாம்.

வண்டி நிற்க, எஞ்சின் மட்டும் தனக்குத்தானே ஓடிக்கொண்டிருக்கும் நிலையை ஐடிலிங் என்பர். ஈண்டு அதனை நிலையோட்டம் என்று குறிப்பேன். அந்நிலையில் ஓட்டுநரின் கால் ஆக்ஸிலேட்டரின் மேல் இராது. சிறு கார்களின் எஞ்சின் அப்போது நிமிடத்திற்கு ஏறக்குறைய 800 முதல் 900 சுற்றுகள் சுழலும். இச்சுழற்சி ஒரே சீராக இருப்பின், வண்டியினுள் இருப்போர் எஞ்சின் ஓடுவதையே மறந்திருப்பர். சீர் குலைந்தாலோ ஸ்டீயரிங் நடுங்கும், இருக்கை அதிரும், கண்ணாடிகள் கலகலக்கும், சில வேளை எஞ்சின் அறவே நின்றுபோம். இதனைப் பட்டறையில் மிஸ்ஸிங் என்று சொல்லுவார்கள்.

எங்கள் காரின் எஞ்சின் மூன்று சிலிண்டர் உடையது. நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எரியும். ஆகவே நிமிடத்திற்கு 900 சுற்று எனக் கொள்ளின், ஒரு சிலிண்டர் 450 முறை எரிய வேண்டும். அஃதாவது நொடிக்கு ஏழரை முறை. மூன்றில் ஒன்று எரியத் தவறினால், நொடிக்கு ஏழரை முறை ஓர் இடைவெளி விழும். அது மனிதர் உடம்பு நன்கு உணரத்தக்க நடுக்கம். யாப்புப் பயிலும் மாணவர் இதனை எளிதில் அறிவர். மூவசைச் சீர்களாகவே வரவேண்டிய அடியில், சீர்தோறும் ஈற்றசை மட்டும் குறைந்துவந்தால் செவி எவ்வாறு இடறுமோ, அவ்வாறே இதுவும் இடறும்.

பெட்ரோலும் காற்றும் கலக்கும் வேலையை முற்காலத்தில் கார்புரேட்டர் என்னும் கருவி செய்தது. அதில் திருகு ஒன்றைத் திருப்பியே நிலையோட்டத்தைச் சரி செய்துவிடலாம். பின்னர் மின்னணுவின் ஆணையால் பெட்ரோலைத் தெளிக்கும் முறை வந்தது. 1967இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் டி-ஜெட்ரானிக் என்னும் அமைப்பை வோக்ஸ்வாகன் 1600 வண்டியில் பொருத்தி விற்பனைக்குக் கொணர்ந்தது. நம் நாட்டில் இம்முறை பரவப் புகைக்கட்டுப்பாட்டு விதிகளே பெரும் காரணமாயின. 1999இல் உச்ச நீதிமன்றம் தலைநகர்ப் பகுதியிற் பதிவாகும் புதிய கார்களுக்குக் கடுமையான புகை வரம்புகளை விதித்தது. பாரத் நிலை இரண்டு எனப்படும் விதி 2001இல் சென்னைக்கும், 2005இல் நாடு முழுமைக்கும் வந்தது. அவ்விடைக்காலத்தில் வாங்கிய வண்டிகளுள் ஒன்றே எங்களுடையது. 2004இல், யான் பிறக்குமுன்பே, அது எங்கள் வீட்டிற்கு வந்துவிட்டது.

இவ்வகை எஞ்சின் நிலையோட்டத்தில் எவ்வாறு மூச்சு விடுகின்றது என்பதைச் சிறிது விளக்குதல் வேண்டும். காற்று நுழையும் வாயிலை த்ராட்டில் என்னும் தகடு ஏறக்குறைய முழுதும் மூடியிருக்கும். தேவையான சிறிதளவு காற்றை மட்டும், பக்கத்தே உள்ள குறுவழி ஒன்றின் வாயிலாக, ஐடில் வால்வு உள்ளே விடும். மூடிய வாயிலுக்கு அப்பால் பிஸ்டன்கள் காற்றை இழுத்துக்கொண்டே இருத்தலின், மேனிஃபோல்டு எனப்படும் குழாய்த் தொகுதியில் காற்றழுத்தம் மிகக் குறைந்துபோம். வெளியே பாதரசம் 760 மில்லிமீட்டர் உயரம் நிற்குமாயின், நல்ல எஞ்சினின் மேனிஃபோல்டினுள் அதனினும் 430 முதல் 530 மில்லிமீட்டர் வரை குறைவாக இருக்கும். இவ்வழுத்தத்தை ஒரு சென்சார் அளந்து கணினிப் பெட்டிக்கு அறிவிக்கும். நீரின் வெப்பம், எஞ்சினின் வேகம், புகையில் எஞ்சிய ஆக்ஸிஜன் ஆகியவற்றையும் வேறு சென்சார்கள் அறிவிக்கும். அவற்றைக் கொண்டு கணினி, இஞ்செக்டர்கள் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று கணக்கிடும். எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது அக்கணக்கின் குறிக்கோள்.

இனி எங்கள் நிலையைக் கூறுவேன். நாங்கள் நாங்குநேரியை அடுத்த சிற்றூரில் வாழ்கின்றோம். என் தந்தையாரின் தாயாராகிய ஆச்சிக்குச் சிறுநீரகம் பழுதுற்றமையால், வாரம் இருமுறை டயாலிசிஸ் என்னும் இரத்தச் சுத்திகரிப்புக்குத் திருநெல்வேலிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். பேருந்தில் ஏறி இறங்க அவர்களால் இயலாது. வாடகைக் காருக்கு வாரம் இருமுறை கொடுக்க எங்களிடம் பொருள் இல்லை. ஆகவே அந்தப் பழைய கார் எங்கள் இல்லத்தில் மருந்துக்கு அடுத்த இடத்தைப் பெற்றிருந்தது. நெடுஞ்சாலையில் அது குற்றமின்றி ஓடும். வண்ணார்பேட்டையில் சிவப்பு விளக்கின் முன் நின்றதும் நடுங்கத் தொடங்கும். நாளடைவில் நடுக்கம் மிகுந்து, நிற்குமிடமெல்லாம் எஞ்சின் அணைந்துபோகும் நிலை வந்தது. சிகிச்சை முடிந்து சோர்ந்து சாய்ந்திருக்கும் ஆச்சி அந்த அதிர்ச்சியில் கண் விழித்து, "வந்தாச்சா?" என்று கேட்பார்கள். பாதி வழியும் வந்திராது.

பட்டறை ஒன்றில் காட்டினோம். அங்கே பிளக்குகளை மாற்றினர், பெட்ரோல் பில்டரை மாற்றினர், இஞ்செக்டர்களைக் கழுவினர். ஒவ்வொரு முறையும் பணம் கொடுத்து வண்டியை எடுத்துவந்தோம். ஒவ்வொரு முறையும் நடுக்கம் கூடவே வந்தது. இறுதியில் கணினிப் பெட்டியே பழுது என்றும், அதனை மாற்ற ரூ. 18,000 ஆகும் என்றும், அதற்கு மனமில்லையேல் வண்டியைத் தள்ளிவிடுவதே நலம் என்றும் கூறினர். தந்தையார் அன்றிரவு வண்டியை விற்பதைப் பற்றிப் பேசினார். விற்றபின் ஆச்சியை எவ்வாறு கொண்டுசெல்வது என்னும் கேள்விக்கு எவரும் விடை சொல்லவில்லை.

மறுநாள் அம்மா தம் அண்ணனுக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னார்கள். மாமா அரசுப் பேருந்துப் பணிமனையில் முப்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெற்றவர்; இப்போது தம் ஊரிற் சிறு பட்டறை வைத்திருக்கின்றார். ஞாயிறு மாலை வந்து இறங்கினார். கையில் ஒரு துணிப்பை மட்டுமே இருந்தது. தந்தையார் கணினிப் பெட்டியைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும், "மாப்பிள்ளை, பெட்டியைப் பிறகு பார்ப்போம். வண்டி என்ன செய்கிறது, எப்போது செய்கிறது, அதை முதலிற் சொல்லுங்கள்" என்றார்.

அவர் கேட்ட கேள்விகளை யான் ஒரு தாளிற் குறித்துக்கொண்டேன். காலையிற் குளிர்ந்திருக்கும்போது நடுக்கமா, சூடேறிய பின்னா? ஏ.சி. போட்டால் மிகுமா? ஆக்ஸிலேட்டரைச் சற்று மிதித்தால் மறைகின்றதா? பெட்ரோல் செலவு கூடியுள்ளதா? கரும்புகை உண்டா? எந்த நாளில், எந்த வேலைக்குப் பின் தொடங்கியது? எங்கள் விடைகள் இவை: குளிரிலும் சூட்டிலும் நடுக்கம் உண்டு, மிதித்தால் மறையும், பெட்ரோல் செலவு கூடியுள்ளது, ஒரு நாளில் தோன்றாமல் மெல்ல மெல்ல வளர்ந்தது.

இவ்வினாக்கள் ஒவ்வொன்றும் ஒரு கதவைத் திறக்கவோ அடைக்கவோ செய்வன என்பதைப் பின்னர் விளக்கினார். குளிரில் மட்டும் நடுங்குமாயின், நீரின் வெப்பத்தைக் காட்டும் சென்சாரை முதலில் ஐயுற வேண்டும். ஏ.சி. போட்டதும் அணையுமாயின், ஐடில் வால்வு கரி பிடித்து இயங்க மாட்டாமல் இருக்கலாம். வேகத்திலும் இடறுமாயின், பெட்ரோல் பம்பின் அழுத்தமோ, தீப்பொறியின் வலிமையோ குறைந்திருக்கலாம். நிலையோட்டத்தில் மட்டும் நடுங்கி வேகத்தில் மறையுமாயின், உள்ளே எங்கோ கணக்கில் வராத காற்று புகுகின்றதா என்று பார்க்க வேண்டும். ஆயினும் இதனை முடிவாகக் கொள்ளலாகாது. சான்று வேண்டும் என்றார்.

பின்னர் எஞ்சினை இயக்கச் செய்து, வண்டியின் பின்புறம் சென்று அமர்ந்தார். செய்தித்தாளின் ஒரு துண்டைப் புகைக்குழாயின் வாய்க்கு எதிரே பிடித்தார். காற்று சீராக வருமாயின் தாள் ஒரே அளவாய் நிமிர்ந்து நிற்கும். எங்கள் வண்டியின் தாளோ ஒழுங்கான இடைவெளியில் தளர்ந்து தளர்ந்து எழுந்தது. "ஒரே சிலிண்டர்தான் மருமகனே, முறை தவறாமல் தவறுகிறது" என்றார். மூன்றுக்கும் பொதுவான உறுப்பு பழுதுற்றிருப்பின் தடுமாற்றம் பெரும்பாலும் இங்குமங்கும் சிதறி வரும். ஒழுங்காகத் தவறுவது ஒரு சிலிண்டரைச் சுட்டும்.

எஞ்சினைத் தாங்கும் ரப்பர்த் தாங்கிகளையும் அவர் பார்க்க மறக்கவில்லை. அவை நைந்துபோயின், எஞ்சின் சீராக ஓடும்போதே வண்டி அதிரும். அவ்வதிர்ச்சியை மிஸ்ஸிங் எனக் கருதிப் பொருளை வீணாக்குவார் பலர். எங்கள் தாங்கிகள் நலமாக இருந்தன. முகப்பில் உள்ள எஞ்சின் விளக்கு சாவியைத் திருப்பியதும் எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைந்தது. கணினி எக்குற்றத்தையும் பதிவு செய்யவில்லை என்பது அதன் பொருள். எனினும் விளக்கு எரியாமையால் குற்றமே இல்லை என்று கொள்ளுதல் தவறு. அறுந்த கம்பியையும் பொருந்தாத அளவையும் கணினி அறியும். அக்காலத்து எளிய அமைப்புக்கள் ரப்பரில் விழும் வெடிப்பைத் தாமாக அறிய மாட்டா.

அடுத்துச் சிலிண்டர்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஓர் இஞ்செக்டரின் மின்னிணைப்பை மட்டும் கழற்றுவது. ஓட்டம் எவ்வளவு தளர்கின்றது என்று பார்ப்பது. மீண்டும் மாட்டிவிட்டு அடுத்ததற்குச் செல்வது. முதற் சிலிண்டரை நிறுத்தியதும் எஞ்சின் பெரிதும் தள்ளாடியது. இரண்டாவதிலும் அவ்வாறே. மூன்றாவதைக் கழற்றியபோது மாற்றம் மிகச் சிறிதே. உழைப்பவன் விலகினால் வேலை தடைப்படும். உழையாதவன் விலகினால் யாருக்கும் தெரியாது. மூன்றாவது சிலிண்டரே உழையாதது. பழைய முறைப்படி பிளக் கம்பியை உருவிச் சோதிப்பாரும் உளர். அது கையில் கடும் மின்னதிர்ச்சியைத் தரும். எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டருட் சென்று அதனையும் கெடுக்கும். ஆதலின் இஞ்செக்டரின் இணைப்பைக் கழற்றுதலே தக்கது.

எஞ்சின் ஆறியபின் மூன்று பிளக்குகளையும் கழற்றி, ஒரு வெள்ளைத் துணியின்மேல் வரிசையாக வைத்தார். முதல் இரண்டும் கருமை படிந்திருந்தன, மூன்றாவது வெளிறியிருந்தது. கருமை, பெட்ரோல் மிகுதியைக் காட்டும். வெண்மை, காற்று மிகுதியைக் காட்டும். ஒரே எஞ்சினில் இரு குறிகளும் ஒருங்கே காணப்பட்டமை எனக்கு விளங்கவில்லை. மாமா விடை கூறாமல், மூன்றாம் பிளக்கையும் அதன் கம்பியையும் முதற் சிலிண்டருக்கு மாற்றினார். முதலாவதை மூன்றாவதிற்கு மாற்றினார். குற்றம் பிளக்கிலோ கம்பியிலோ இருப்பின், அது பிளக்கோடு முதற் சிலிண்டருக்குப் பெயர்ந்திருக்கும். பெயரவில்லை. மூன்றாவது மூன்றாவதாகவே தவறியது. காசு ஒன்றும் செலவின்றித் தீப்பொறிப் பகுதி முழுதும் ஐயத்தினின்று நீங்கிற்று.

இச்சோதனை எனக்குச் சுவடிப் பதிப்பை நினைவூட்டிற்று. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் பல ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கியே பாடத்தைத் துணிந்தார் என்பதை நாம் அறிவோம். ஒரு பிழை ஓர் ஏட்டிலும் அதனைப் பார்த்தெழுதிய படிகளிலும் மட்டும் தொடர்ந்து வருமாயின், அஃது அவ்வேட்டின் பிழை. எல்லா ஏடுகளிலும் ஒருபடித்தாய் நிற்குமாயின், அதன் வேரை அதற்கும் முன்னே தேட வேண்டும். பிழை எதனோடு பெயர்கின்றது என்று காண்பதே இரண்டிடத்தும் வழி.

பின்னர், நீண்ட ஸ்க்ரூட்ரைவரின் நுனியை இஞ்செக்டரின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்குமாறு எனக்குச் சொன்னார். மூன்றிலும் டக் டக் என்னும் ஒலி ஒத்த தாளமாய்க் கேட்டது. இஞ்செக்டர்கள் ஆணைக்கு இசைந்து திறந்து மூடுகின்றன என்பது தெளிவு. அடுத்துக் கம்ப்ரஷன் மானியைப் பொருத்திச் சிலிண்டர்களின் அழுத்தத்தைப் பார்த்தார். மூன்றும் ஏறக்குறைய ஒத்திருந்தன. அவற்றுள் ஒன்று பெரிதும் குறைந்திருப்பின், வால்வு எரிந்ததோ, வால்வின் இடைவெளி கெட்டதோ, கேஸ்கெட் கிழிந்ததோ என்று எஞ்சினைப் பிரிக்க வேண்டி வந்திருக்கும். அந்த அச்சமும் நீங்கிற்று.

"பொறி இருக்கிறது, பெட்ரோல் இருக்கிறது, அழுத்தம் இருக்கிறது. மிஞ்சியது என்ன?" என்று கேட்டார். "காற்று" என்றேன். "எந்தச் சிலிண்டருக்கு?" "மூன்றுக்கு." "அப்படியானால் வேறெங்கும் தேட வேண்டாம், மூன்றாம் குழாயின் பக்கத்தில் மட்டும் தேடு" என்றார். எஞ்சின் முழுதும் தேட வேண்டியிருந்த இடம் ஒரு சாண் அளவிற்குச் சுருங்கிவிட்டது.

தேடிய முறையும் எளியதே. பூச்செடிக்கு நீர் தெளிக்கும் சிறு புட்டியில் தண்ணீர் நிறைத்து, எஞ்சின் ஓடும்போது, மின்னிணைப்புக்களில் படாதவாறு, மேனிஃபோல்டின் மூட்டுக்களில் சிறிது சிறிதாகத் தெளித்தார். காற்று புகும் வெடிப்பு இருப்பின், நீர் அதனை ஒரு கணம் அடைக்கும். எஞ்சினின் ஒலி மாறும். கேஸ்கெட் ஓரத்தில் ஒலி மாறவில்லை. மூன்றாம் குழாயிலிருந்து பிரேக் பூஸ்டருக்குச் செல்லும் ரப்பர் ஹோஸின் வாயில் தெளித்தபோது எஞ்சின் பெருமூச்சு விட்டாற்போல் ஒலி மாறிற்று. ஹோஸின் மேற்புறம் புதியதுபோற் பளபளத்தது. மாமா அடிப்புறத்தை விரலால் தடவிப் பார்த்தார். கிளிப்பை ஒட்டி ஓர் அங்குல நீளத்திற்கு வெடித்திருந்தது. அதனை விரலால் அழுத்தி மூடினார், நடுக்கம் நின்றது. விரலை எடுத்தார், நடுங்கிற்று. மீண்டும் மூடினார், மீண்டும் நின்றது. உள்ளே அமர்ந்திருந்த தந்தையார் ஸ்டீயரிங்கின்மேல் வைத்த கையை எடுக்காமலே, "இன்னொரு தடவை" என்றார். மாமா இன்னொரு தடவையும் செய்து காட்டினார்.

இப்போது பிளக்குகளின் நிறத்திற்குக் காரணம் விளங்கிற்று. அழுத்தத்தை அளக்கும் சென்சார் மேனிஃபோல்டின் பொது அறையைப் பார்க்கின்றது. தனித்தனிச் சிலிண்டரைப் பார்ப்பதில்லை. ஆதலின் கணினி மூன்றிற்கும் ஒரே அளவு பெட்ரோல் தந்தது. மூன்றாம் குழாயில் மட்டும் வெடிப்பின் வழியே மிகைக்காற்று நுழைந்தமையால், அங்கே கலவை நீர்த்து எரியத் தவறியது. எரியாத ஆக்ஸிஜன் புகையோடு வெளியேற, அதனைக் கண்ட ஆக்ஸிஜன் சென்சார், "பெட்ரோல் போதவில்லை" என்று அறிவித்தது. கணினி மூன்றிற்கும் பெட்ரோலைக் கூட்டிற்று. நலமாயிருந்த இரண்டும் மிகுதியால் கருத்தன, செலவும் ஏறிற்று. கணினிப் பெட்டி தனக்குக் கிடைத்த செய்திக்கு ஏற்பச் சரியாகவே நடந்தது. அதனை மாற்றியிருப்பின், ரூ. 18,000 சென்றிருக்கும், வெடிப்பு இருந்த இடத்திலேயே இருந்திருக்கும்.

நெடுஞ்சாலையில் நடுக்கம் மறைந்ததன் காரணமும் இதுவே. ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது த்ராட்டில் திறந்து காற்று நிறையப் புகும். உள்ளழுத்தமும் வெளியழுத்தத்தை நெருங்கும். ஆதலின் வெடிப்பு இழுக்கும் காற்றும் குறையும். மிகுந்த காற்றில் அச்சிறு கசிவு கணக்கில் வாராது. நிலையோட்டத்திலோ எஞ்சினுக்குத் தேவையான காற்றே மிகச் சிறிது. அங்கே சிறு கசிவும் பெரும் பங்காகிவிடும். பெட்ரோல் வண்டிகளின் புகைச் சோதனை நிலையோட்டத்திற் செய்யப்படுவதை இதனோடு எண்ணிப் பார்க்கலாம்.

மாமா அதன்பின் சொன்னதைக் கேட்டு எங்கள் மகிழ்ச்சி சற்றே அடங்கியது. அந்த ஹோஸ் பிரேக்கினுடையது. எஞ்சினின் உறிஞ்சு வலிமையைக் கொண்டே பூஸ்டர் நம் காலுக்குத் துணை செய்கின்றது. வெடிப்பு முற்றி ஹோஸ் பிரிந்திருப்பின், எஞ்சினும் அணைந்திருக்கும். பூஸ்டரில் தேங்கியிருந்த வலிமை ஓரிரு மிதிக்குள் தீர்ந்திருக்கும். பின்னர்ப் பிரேக் மிதி கல்லாய் இறுகிப்போயிருக்கும். வாரம் இருமுறை ஆச்சியைப் பின்னிருக்கையில் வைத்து நெடுஞ்சாலையில் நாங்கள் சென்றது அந்த ஓர் அங்குல ரப்பரை நம்பித்தான். நடுக்கத்தை வெறும் தொல்லை என்று நாங்கள் எண்ணியிருந்தோம். அது முன்னறிவிப்பாகவும் இருந்தது.

மறுநாட் காலை திருநெல்வேலியில் பிரேக் பூஸ்டருக்கென்றே செய்யப்பட்ட ஹோஸ் ஒன்றையும் இரண்டு கிளிப்புகளையும் வாங்கி மாட்டினோம். சாதாரண நீர்க்குழாயை அவ்விடத்தில் மாட்டலாகாது. உறிஞ்சு வலிமையால் அது உட்குவிந்து ஒட்டிக்கொள்ளும் என்று மாமா எச்சரித்தார். செலவு ரூ. 400க்கு உட்பட்டது. அவ்வாரம் ஆச்சி மருத்துவமனையிலிருந்து திரும்புகையில் வண்ணார்பேட்டை விளக்கின் முன் வண்டி நின்றபோது அவர்கள் விழிக்கவில்லை.

எல்லா வண்டிக்கும் இதுவே குற்றம் என்று எவரும் கருதற்க. மூன்று சிலிண்டரும் ஒருங்கே தளர்ந்தால், த்ராட்டில் தகட்டின் ஓரத்தில் படிந்த கரியையும் ஐடில் வால்வையும் துடைத்துப் பார்த்தல் முதல் வேலை. பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டருக்குச் செல்லும் சிறு குழாயைக் கழற்றும்போது அதனுள் பெட்ரோல் ஈரம் காணப்படின், உள்ளிருக்கும் சவ்வு கிழிந்தது எனத் துணியலாம். எஞ்சினின் உள்ளாவியை மீண்டும் உறிஞ்சும் பி.சி.வி. வால்வும், புகையிற் சிறிதைத் திருப்பி அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்வும் மூடாமல் நின்றுபோயினும் நிலையோட்டம் கெடும். குற்றங்கள் பலவாயினும் வரிசை ஒன்றே: முதலில் கேட்டல், பின் பார்த்தல், பின் காசில்லாச் சோதனை, பின் கருவிச் சோதனை, கடைசியிற் பொருள் மாற்றல்.

இவற்றைத் தாமே செய்ய விரும்பும் இளைஞர்க்கு எச்சரிக்கை சில சொல்லுதல் என் கடமை. எஞ்சின் ஓடும்போது தொங்கும் ஆடையோடு அருகே நிற்கலாகாது. விசிறி எந்நேரமும் தானே சுழலத் தொடங்கும். கசிவைக் காணப் பெட்ரோலையோ எரியும் திரவத்தையோ தெளிப்பது தீயை அழைப்பதாகும். பெட்ரோல் குழாய்களை அழுத்தம் இறக்காமல் கழற்றலாகாது. மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டால், மணமற்ற நச்சுப்புகை உயிரையே கொள்ளும்.

பட்டறையில் உழைப்போரைப் பழித்தல் என் நோக்கமன்று. நாளொன்றுக்குப் பல வண்டிகளைப் பார்த்தாக வேண்டிய அவர்கட்கு, ஒரு வண்டியின் அருகே ஒரு மாலைப்பொழுது அமர நேரம் கிடைப்பதில்லை. பழைய பொருளுக்குப் பொறுமை காட்டுவாரும் இக்காலத்தில் அரியர். ஆயினும் பணம் கொடுப்போராகிய நாம் ஒன்று செய்யலாம். இவ்வுறுப்பை மாற்ற வேண்டும் என்று ஒருவர் கூறும்போது, "எதைக் கண்டு இவ்வாறு சொல்கின்றீர்கள்?" என்று பணிவாகக் கேட்கலாம். கண்டதைச் சொல்வாராயின் நம்பி மாற்றலாம். சொல்லமாட்டாராயின், மாற்றுவதற்கு முன் இன்னும் ஒரு முறை எஞ்சினை ஓடவிட்டு, அருகில் நின்று கேட்கச் சொல்லலாம்.